சுருக்கம் விழும்வரை

மாசி மாதம், சீவல் தொழில் நடக்கிற காலம். விடியக் காலையில் பனை சீவுகிற ஒருவரை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். பனையிலிருந்து வழுக்கிக் கால் ஊன்றி விழுந்திருக்கிறார். மரமேறக் காலில் மாட்டுகிற தளநார் உரசிக் காய்த்துக் கறுத்த தழும்புக்குச் சற்று மேலே வலது கால் திரும்பி, பார்த்துக்கொண்டிருக்கவே வீங்கியது. இப்படி விழுந்தவரின் மற்றக் குதிக்காலையும் முள்ளந்தண்டையும் பார்க்காமல் விடக்கூடாது. பார்த்தோம், இரண்டும் தப்பியிருந்தன.

எக்ஸ்ரேயில் கணைக்கால் உள்ளென்பின் அடிப்பகுதி நொறுங்கியிருந்தது. 1911இல் டெஸ்தோ என்ற பிரெஞ்சு வைத்தியர் இந்த இடத்துக்கு 'பிலோன்' என்று பெயர் வைத்தார். பிரெஞ்சில் உலக்கை என்று அர்த்தம். விழுகிற வேகத்தில் பாதத்துத் தாலஸ் என்பு மேலே இடித்து, கணுக்கால் மூட்டின் கூரையையே உடைத்துவிடுகிறது. "உரலுக்குள்ள உலக்கை போட்ட மாதிரி" என்று சொன்னதும் அவருடைய மனைவி கண்ணை மூடிக்கொண்டார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ருவேடியும் ஆல்கோவரும் 1969இல் இந்த முறிவை மூன்றாகப் பிரித்தார்கள்: மூட்டு வெடித்தும் விலகாதது, விலகியது, நொறுங்கி அமுங்கியது. ஏஓ என்கிற முறிவு வகைப்பாட்டு முறையில் இந்த இடத்துக்கு இலக்கம் 43. மூட்டைத் தொடாவிட்டால் ஏ, மூட்டின் ஒரு பகுதி மட்டும் உடைந்தால் பீ, மூட்டு முழுவதும் தண்டிலிருந்து பிரிந்துவிட்டால் சீ. இவருடையது சீ3, சீயிலும் மூட்டே பல துண்டாக நொறுங்கியது. இந்த எழுத்துகள் எனக்குப் பிடிக்கும். தொலைபேசியில் கொன்சல்டன்டுக்கு ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் எப்போது வெட்டுவது என்பதை அந்த எழுத்து சொல்லாது. அதைத் தோல்தான் சொல்லும். கணுக்காலில் என்புக்கும் தோலுக்கும் நடுவே தசை கிடையாது.

பயிற்சி முடித்த புதிதில், வேறோர் ஆஸ்பத்திரியில், வீக்கத்தோடே இரண்டாம் நாள் தகடு வைத்ததைக் கூடநின்று பார்த்தேன். எக்ஸ்ரே அவ்வளவு அழகாக இருந்தது. ஒன்பதாம் நாள் கட்டை அவிழ்த்தபோது தையல் விரிந்து, உள்ளே தகடு மினுங்கியது. அந்தப் பொடியனுக்கு எத்தனை தடவை புண் கழுவினோம் என்ற கணக்கே இல்லை. 1999இல் அமெரிக்காவிலிருந்து வந்த கட்டுரைகள் இரண்டு கட்டமாகச் செய்யச் சொன்னது இப்படிப்பட்ட கால்களுக்காகத்தான்: முதலில் வெளியே கம்பிச்சட்டம் பூட்டி நீளத்தைப் பிடித்து வைப்பது, தோல் தேறிய பிறகு மூட்டைப் பொருத்துவது.

இவருக்கும் அன்றிரவே சட்டம் பூட்டினோம். அதற்குப் பிறகுதான் சீரி ஸ்கான்; இழுத்து நேராக்கிய காலில்தான் துண்டுகள் தெளிவாகத் தெரியும். மூன்றாம் நாள் கொப்பளங்கள் வந்தன. சிலதில் தெளிந்த நீர், இரண்டில் இரத்தம். இரத்தக் கொப்பளம் என்றால் தோலில் காயம் ஆழம். அந்த இடத்தில் கத்தி வைக்க எனக்கு மனம் வராது.

எட்டாம் நாள் மனைவி கேட்டார்: "டொக்டர், வெட்டாம சும்மா வச்சிருக்கிறியள். முறிவு நெரிவு வைத்தியரிட்டக் கொண்டுபோகட்டோ?" எனக்குக் கோபம் வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் நாங்கள் ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோலத்தான் தெரியும். அவருடைய விரலைப் பிடித்து அந்தத் தோலில் மெல்ல வைத்தேன். கண்ணாடிபோல இறுகிப் பளபளத்தது. "அம்மா, வீக்கம் வத்தி இதில சுருக்கம் விழவேணும். நீங்களே ஒவ்வொரு நாளும் பாருங்கோ" என்றேன்.

பதின்மூன்றாம் நாள் வாட்டுக்குள் நுழையவே கூப்பிட்டார். "டொக்டர், வந்திட்டுது!" பாதத்தின் முன்பக்கம், மெல்லிய கோடுகளாக, பழைய சீலை மடிப்புப்போலச் சுருக்கம்.

அடுத்தநாள் தியேட்டர். கணைக்கால் வெளியென்பை முதலில் நீளத்துக்குக் கொண்டுவந்து, கூரைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, அமுங்கியதை உயர்த்திய இடைவெளியில் இடுப்பென்பிலிருந்து எடுத்த என்பை நிரப்பி, தகடு வைத்தோம். புண் காய்ந்தது. மூன்று மாதம் கால் ஊன்ற விடவில்லை.

கிளினிக்குக்கு ஊன்றுகோலோடு வந்தவர் ஒன்றுதான் கேட்டார்: "இந்தக் காலுக்குத் தளநார் போடலாமோ?" பாதத்தை மேலே மடக்கிப் பார்த்தேன், மற்றக் கால் மடங்குவதில் பாதிதான் வந்தது. நடக்கலாம், சைக்கிள் ஓடலாம் என்றேன். பனையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. தன்னுடைய மரங்களைத் தம்பி சீவுகிறான் என்று அவரே சொன்னார்.