முருங்கைக்கு ஸ்பெல்லிங் சொன்ன காலம்

வீட்டு அலாரத்துக்குச் சந்தா மாதம் 42 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வருஷத்துக்கு 504. 2007லிருந்து 2023 வரை கட்டியிருக்கிறோம். ஒரு சனிக்கிழமை காலை காப்பியோடு உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். 8,064 வெள்ளி! கணக்குப் பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு. ஊரார் கணக்கெல்லாம் பார்த்துவிட்டு இதை மட்டும் 16 வருஷம் பார்க்காமல் விட்டிருக்கிறேன். என் கணவரிடம் காட்டினால், “அது நிம்மதிக்குக் குடுக்குற காசு” என்றார்.

எங்களுடையது சிங்கப்பூர் சிராங்கூன் கார்டன்ஸில் மாமனார் வாங்கிய பழைய தரைவீடு. 2007ல் எதிர்வரிசையில் ஒரு வீட்டில் நகை போனது. ‘குற்றம் குறைவு என்றால் குற்றமே இல்லை என்று அர்த்தமில்லை’ என்று போலிஸ் சுவரொட்டியில் போட்டிருப்பார்களே, அதை அதுவரை நாங்கள் சுவரொட்டியாகத்தான் பார்த்திருந்தோம். அடுத்த வாரமே அலாரம் மாட்டினோம். படிக்கட்டுக்குக் கீழே இரும்புப் பெட்டி, அதற்குள் ஒரு 12 வோல்ட் பேட்டரி, அங்கிருந்து ஒவ்வொரு கதவுக்கும் சுவருக்குள் வயர். ஏதாவது அசைந்தால் பெட்டி வீட்டுத் தொலைபேசி வழியாகக் கண்காணிப்பு நிலையத்துக்குத் தகவல் அனுப்பும். அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டு ரகசியச் சொல் கேட்பாள். சரியாகச் சொன்னால் விட்டுவிடுவாள். யாரும் எடுக்காவிட்டால் பட்டியலில் உள்ள அடுத்த எண்ணுக்குப் போவாள்.

எங்கள் ரகசியச் சொல் ‘முருங்கை’. அத்தை வைத்தது. அவருக்கு மறக்காத சொல்லாக இருக்கவேண்டுமே. ஆனால் எதிர்முனையில் இருப்பவளுக்குத் தமிழ் தெரியாது. நள்ளிரவு 3 மணிக்கு ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாக முருங்கைக்கு ஸ்பெல்லிங் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன். 16 வருஷத்தில் திருடன் ஒருத்தனும் வரவில்லை. வந்ததெல்லாம் பல்லி. ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் சென்சார் கண்டுபிடிப்பது ஆளை அல்ல, சூடு நகர்வதைத்தான். தூரத்தில் போகும் பல்லி அதற்கு ஒரு பொருட்டில்லை. சென்சாரின் முகப்பு வில்லை மேலேயே ஊர்ந்து போனால் யானை போனமாதிரி கத்தும்.

2023ல் பெட்டி தானாகவே ராத்திரியில் பீப் பீப் என்று அழ ஆரம்பித்தது. பேட்டரி போய்விட்டதாம். பார்க்க வந்தவர் பேட்டரி மாற்றலாம், ஆனால் கீபேடும் பழசு, உதிரிப் பாகம் கிடைக்காது என்றார். நாங்கள் யாருமே தொடாத வீட்டுத் தொலைபேசியை நிறுத்தப்போவதாகச் சொன்னதும், அப்படியானால் சிம் அட்டை போடும் கருவி தனியாக வாங்கணும் என்றார். எல்லாம் சேர்த்து 600 வெள்ளிக்கு மேல். மாதச் சந்தா அப்படியே.

சிம் என்றதும் எனக்கு நாத்தனார் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அவர் சந்தாவே வேண்டாமென்று சிம் போட்ட அலாரம் வாங்கி வைத்திருந்தார். 2ஜி சிம். 2017 ஏப்ரலில் இங்கே 2ஜி சேவையை மூடினார்களே, அதோடு அந்த அலாரம் ஊமை. சைரன் கத்தும், போனுக்கு எதுவும் வராது. அவருக்கு அது தெரிந்ததே பல மாதம் கழித்துத்தான். அதற்கப்புறம் 2024ல் 3ஜியையும் மூடிவிட்டார்கள். இப்போது யாராவது சிம் வைத்த அலாரம் விற்க வந்தால் 4ஜி ஓடுமா என்று முதலில் கேளுங்கள், விலையை அப்புறம் கேட்கலாம்.

நான் வாங்கியது வைஃபை அலாரம். ஒரு தலைமைப் பெட்டி, கதவுக்கு 5 சென்சார், நடமாட்டத்துக்கு 2, ரிமோட் 2. இணையத்தில் 189 வெள்ளி. சந்தா கிடையாது. எது நடந்தாலும் நேராகக் கைபேசிக்கு வரும். கணவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவ்ளோ லேசா இருக்கே” என்றார். பாதுகாப்பு கனமாக இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

மாட்டுவதற்கு அரை மணி நேரம் போதும் என்று போட்டிருந்தான். கதவில் ஒட்டுவதற்கு அது போதும்தான். கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சென்சார், இரண்டும் பிரிந்தால் கதவு திறந்ததாக அர்த்தம். ஆனால் தலைமைப் பெட்டி வைஃபையில் சேரவே மாட்டேன் என்றது. கட்டாய ராணுவச் சேவையான தேசிய சேவையில் இருக்கும் மகன் வெள்ளிக்கிழமை ராத்திரி முகாமிலிருந்து வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பார்த்துவிட்டு, “இது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டும்தான் புரிஞ்சுக்கும்மா. நம்ம ரவுட்டர்ல 2.4, 5 ரெண்டும் ஒரே பேர்ல இருக்கு” என்று பிரித்துக் கொடுத்தான். விருந்தாளிகளுக்கென்று இருக்கும் தனி வைஃபையில் அதை மாட்டியதும் அவன்தான். எங்கள் கணினிகள் இருக்கும் பக்கம் அது வரவேண்டாமாம். சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020லிருந்து இந்த மாதிரிப் பொருள்களுக்கு நான்கு நிலைகளில் பாதுகாப்பு முத்திரை கொடுக்கிறது. என் மலிவுப் பெட்டியில் அது இல்லை, அதை வாங்கிய பிறகுதான் கவனித்தேன். ரவுட்டருக்கும் தலைமைப் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் போட்டேன். மின்சாரம் போனால் என் காவல்காரன் ஊமையாகிவிடக்கூடாதே.

கேமரா வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதம். அதே 2020ல் இங்கே வீட்டுக் கேமராக்களுக்குள் யாரோ புகுந்து, எடுத்த படங்களை ஆபாசத் தளங்களில் ஏற்றிய செய்தியைப் படித்ததிலிருந்து கூடத்தில் ஒரு கண் முளைப்பதை என்னால் சகிக்க முடியாது. கதவு திறந்ததா மூடியதா என்பது தெரிந்தால் எனக்குப் போதும்.

ஐந்து மாதம் ஒழுங்காக ஓடியது. மாயவரத்தில் ஒரு கல்யாணம், வீட்டோடு போயிருந்தோம். தாலி கட்டி முடிந்து பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், இலையில் இப்போதுதான் சாம்பார் விழுகிறது, போன் அலறுகிறது. ‘கொல்லைக் கதவு திறந்துள்ளது.’ சென்சாருக்குத் தமிழில் பெயர் வைத்தது நான்தான். என் கையெழுத்தே என்னைப் பயமுறுத்தியது. இங்கே 11 மணி, சிங்கப்பூரில் மதியம் ஒன்றரை. நடமாட்ட சென்சார் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பூட்டிய வீட்டின் மதிய வெக்கையில் சுவருக்கும் மனிதனுக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது, அது கொஞ்சம் மந்தமாகிவிடும் என்று எங்கோ படித்தது சரியாக அந்த நேரத்தில் ஞாபகம் வந்து தொலைத்தது.

எதிர் இலையிலிருந்து அத்தை கேட்டார்: “முன்னாடி ஒரு பொண்ணு போன் பண்ணுவாளே, அவ பண்ணலையா?”

“அவ இல்ல அத்தை. இப்ப எனக்குத்தான் வரும்.”

“அப்ப 42 வெள்ளிக்கு அவ பாத்த வேலைய இப்ப நீ பாக்குறே. சும்மா.”

அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு அது உறைக்கவில்லை. அந்தப் பெண் என்றால் போலிஸைக் கூப்பிடுவாள், கணவரைக் கூப்பிடுவாள், எண் எண்ணாகப் போவாள். நான் கையில் அப்பளத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். சிங்கப்பூர் போலிஸ் எண் 999ஐ மாயவரத்திலிருந்து அடித்தால் என்ன கிடைக்கும்? கடைசியில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சாவி அவரிடம் இருந்தது, நல்லவேளை. “உள்ளே போகாதீங்க ஆன்ட்டி, வெளியிலேருந்தே பாருங்க” என்றேன். பத்து நிமிஷம் கழித்து ஒரு படம் வந்தது. கொல்லைக் கதவு மூடித்தான் இருக்கிறது, பூட்டும் சரி. ஆன்ட்டி சொல்பேச்சு கேட்காமல் உள்ளே போயிருக்கிறார். அடுத்த படத்தில் தரையில் கவிழ்ந்து கிடக்கிறது சென்சார். வெக்கையில் ஒட்டுநாடாவின் பசை விட்டுப்போயிருக்கிறது. காந்தம் மேலே, சென்சார் கீழே. அதைப் பொறுத்தவரை கதவு திறந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் ஐந்து சென்சாரையும் திருகாணி போட்டு முடுக்கினேன். கைபேசியில் மற்ற எல்லாச் சத்தத்தையும் ராத்திரி அடக்கினாலும் இது மட்டும் கத்தும்படி மாற்றினேன், கணவர் போனிலும்தான். மூன்றாவதாக ஆன்ட்டி போனிலும் செயலியைப் போட்டுக் கொடுத்தேன், நாங்கள் வெளியூர் போகும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று.

ஆன்ட்டி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது தினமும் பார்க்கிறார். நேற்று காலை 6.40க்கு, ‘உன் கொல்லைக் கதவு திறந்திருக்கு’ என்று செய்தி. அத்தை துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தார். போன வாரம் கணவர் ராத்திரி பதினொன்றரைக்கு வந்தது எனக்குத் தெரிவதற்கு முன் ஆன்ட்டிக்குத் தெரிந்திருக்கிறது. சீன மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஆன்ட்டி சைவம். அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டிலிருந்து உளுந்துவடை போகிறது. ஆறு வடை, தேங்காய்ச் சட்னி. அந்தச் செலவை இன்னும் கணக்கில் எழுதவில்லை.