பொருத்தனைக்குப் பிந்தைய மூன்று இரவுகள்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தைச் சுற்றியும் பாரிமுனைப் பக்கத்துச் சந்துகளிலும் நடைபாதையே வீடாகிப்போன மதுநோயாளிகளிடையே ஊழியம் செய்யும் சிறு கிறிஸ்தவக் குழு ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். டாஸ்மாக் கடைகள் இரவு 10 மணிக்கு மூடிய பிறகே எங்கள் வேலை சூடுபிடிக்கும். சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணீர், காயத்துக்குக் கட்டுப்போடப் பஞ்சும் மருந்தும் பையில் இருக்கும். கைப்பிரதிகளும் உண்டு, ஆனால் கேட்பவருக்கு மட்டுமே கொடுப்போம். ஜெபத்துக்குத் தலைகுனிந்தால்தான் சோறு கிடைக்கும் என்ற எண்ணம் பசித்திருக்கும் எந்த மனிதனுக்கும் வந்துவிடக் கூடாது என்பதில் குழுவினர் அனைவரும் கண்டிப்பாக இருக்கிறோம்.

இந்த ஊழியத்தில் எனக்கு மிகுந்த கவலை தரும் வேளை, ஒருவர் மனமுடைந்து அழுது, "இனிமே சத்தியமா தொடமாட்டேன் பிரதர்" என்று கடவுளுக்கு வாக்குக் கொடுத்துப் பொருத்தனை செய்யும் வேளைதான். எங்களுக்கு அது மகிழ்ச்சியான நேரம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆண்டுக்கணக்கில் நாள் தவறாமல் குடித்த உடலுக்கு அது ஆபத்தான நேரம். கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் குமட்டலும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் வேறு சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியும், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். மதுவின் மந்தத்தை ஈடுகட்டியே பழகிவிட்ட மூளை, மது திடீரென்று நின்றதும் கட்டுக்கடங்காமல் கிளர்ந்தெழுவதே இதற்குக் காரணம். வைத்தியம் கிடைக்காவிட்டால் உயிர் போகவும் கூடும்.

அமெரிக்கப் போதகர் டேவிட் வில்கர்சன் 1958இல் நியூயார்க் தெருக்களில் தொடங்கிய ஊழியத்தைப் பற்றியும், ஆங்கிலேய மிஷனரிப் பெண் ஜாக்கி புல்லிஞ்சர் 1960களிலிருந்து ஹாங்காங்கின் கவுலூன் கோட்டைப் பகுதியில் செய்த ஊழியத்தைப் பற்றியும் எங்கள் சபைகளில் சாட்சியாகச் சொல்லக் கேட்டு நானும் நெஞ்சம் கனிந்திருக்கிறேன். அங்கே பலரை ஆட்டிப்படைத்தது ஹெராயின். அதை விடும்போது வரும் வேதனை கொடியது என்றாலும், அந்த வேதனையே உயிரைப் பறிப்பது அரிது. மதுவின் கதை அப்படியல்ல. அந்தச் சாட்சிகளைக் கேட்ட உற்சாகத்தில், பாரிமுனையில் குடிப்பவரை ஒரு அறையில் அமர்த்தி ஜெபித்தே கரையேற்றிவிடலாம் என்று நம் இளைஞர்கள் கிளம்பினால், அந்த மனிதரின் உயிரோடு விளையாடுவதாகிவிடும். இதைச் சொல்வது விசுவாசக் குறைவு என்று கருதுவோரிடம் நான் உறுதியாகவே மறுத்துப் பேசுகிறேன்.

ஐம்பது வயதை எட்டிய ஒரு சுமைத் தொழிலாளி அப்படிப் பொருத்தனை செய்தார். மறுநாள் இரவு நடுக்கத்தோடு கஞ்சி குடித்தார், ஆஸ்பத்திரிக்கு மட்டும் வர மறுத்துவிட்டார். "கீழ்ப்பாக்கத்துல கொண்டு போயி விட்டுருவீங்க" என்பதே அவருடைய பயம். மனநல மருத்துவமனை இருப்பதாலேயே பைத்தியத்துக்கு மறுபெயராகிவிட்ட அந்த ஊர்ப்பெயர், வைத்தியத்துக்கு வர வேண்டிய எத்தனையோ பேரை இப்படித் தடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கடுத்த இரவு நாங்கள் போனபோது அவர் நடைபாதையில் குந்தியபடி, இல்லாத கயிற்றை இல்லாத மூட்டையில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். முடிச்சுப் போடும் விரல்கள் அத்தனை துல்லியமாக இயங்கின. இடையிடையே யாரிடமோ கூலிக்குப் பேரம் பேசினார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பேய் பிடித்திருக்கிறது என்றார் பக்கத்தில் படுத்திருந்தவர். அது பேயல்ல, மது நின்றதால் வந்த சித்தப்பிரமை. உழைத்தே வாழ்ந்தவர்கள் அந்த நிலையிலும் தம் தொழிலையே செய்துகொண்டிருப்பது உண்டு. 108க்குப் பேசி, எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனையில் சேர்த்தோம். குளுக்கோஸ் ஏற்றும் முன்பே தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார்கள். சத்துக் குறைந்த உடலில் அந்த வைட்டமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம்.

வார்டில் முதலில் எழும் கேள்வி, "கூட யாரு இருக்கீங்க?" என்பது. தெருவில் வாழ்பவருக்கு அதற்குப் பதில் இருப்பதில்லை. எங்கள் ஊழியத்தின் பெரும்பகுதி இன்று அந்தக் கேள்விக்குப் பதிலாக நிற்பதுதான்: சீட்டு வாங்குவது, படுக்கை ஈரமானால் மாற்றுவது, அவர் ஊசியைப் பிடுங்காமல் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது, மெல்லிய குரலில் ஜெபிப்பது.

வேதாகமத்தில், எலியா தீர்க்கதரிசி சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்திருந்தபோது, தேவதூதன் முதலில் அவரை எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். உண்டு உறங்கியவரை மறுபடியும் எழுப்பி இன்னொரு முறை உண்ணச் செய்தான். கர்த்தர் அவரோடு பேசியது அதற்குப் பிறகு, நெடும்பயணம் முடிந்து ஓரேப் மலையில். இந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்தத் தொழிலாளி தெளிந்து எழுந்ததும், தாம் செய்த பொருத்தனை நினைவிருக்கிறதா என்று எங்களில் ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார். இப்போது மறுவாழ்வு மையம் ஒன்றில் இருக்கிறார். வெளியே வந்தால் அன்றாடக் கூலி மறுபடியும் மாலையில்தான் கைக்கு வரும், கடையும் அப்போது திறந்தே இருக்கும். ஆகவே, கூலியை வாரக்கடைசியில் மொத்தமாகத் தர முடியுமா என்று அவருடைய மேஸ்திரியிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.