பச்சை பெல்ட்: காவேரிப்பட்டணம் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 11, 2025, திங்கள்

ஆம்பூரிலிருந்து அத்தை மகள் கொடுத்தனுப்பிய பை வந்துவிட்டது. ஷூ தொழிற்சாலையில் வெட்டியது போக எஞ்சிய துண்டுகள். கறுப்பு, பழுப்பு, நடுவில் யார் கேட்டார்கள் என்று தெரியாத ஓர் ஊதா. பையைப் பிரித்ததும் அம்மா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.

ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் சீவிப் பார்த்தேன். உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம். குரோம் தோல், அதாவது குரோம் உப்பில் பதனிட்டது. மேலே எந்தச் சாயம் ஏற்றியிருந்தாலும் வெட்டுவாய் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் என்றால் குறுக்கே வெட்டினாலும் உள்ளும் புறமும் பழுப்பாகவே இருக்கும். அப்படி ஒன்றே ஒன்று அகப்பட்டது, உள்ளங்கை அகலத்தில். அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வயிற்றில் பிள்ளை, இடது பக்கமாகவே படுக்க வேண்டும். இடது பக்கம் சுவர்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அப்பாவின் பச்சை பெல்ட்டில் பணப்பை பிரிந்து தொங்குகிறது. வேட்டிக்கு மேல் கட்டும் அந்த நான்கு விரல் அகல பெல்ட் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. மாங்காய் மண்டியில் இருந்த காலத்தில் ஒரு சீசனின் பணம் முழுவதும் அந்தப் பைக்குள்தான் போய் வந்தது. எங்கோ ஓர் இடத்தில் நூல் அறுந்திருக்கிறது. வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிட்டது.

இயந்திரத் தையலின் குணம் அது. மேல் நூலும் கீழ் நூலும் தோலின் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்று அறுந்தால் மற்றதற்குப் பிடிமானம் இல்லை. குதிரைச் சேணம் தைப்பவர்களின் கைத்தையல் வேறு. நூல் ஒன்றே, அதன் இரு முனையிலும் இரண்டு ஊசிகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நுழைந்து வெளியேறும். ஒரு தையல் தேய்ந்து போனாலும் அடுத்தது விட்டுக்கொடுக்காது.

புதிதாகவே ஒன்று செய்து தருகிறேன் என்றேன். "பஸ் ஸ்டாண்டில் கொடுத்தால் நின்ற இடத்திலேயே தைத்துத் தருவார்கள் பாப்பா" என்றார். தெரியும்.

குழந்தைக்கென்று எதுவும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஒரு துணித்துண்டுகூட. போன முறை வாங்கிய தொட்டில் கயிறு பரணில் அப்படியே இருக்கிறது. எனவே பெல்ட்.

ஆகஸ்ட் 16, சனி

ஓசூரிலிருந்து அவர் வந்திருக்கிறார். இரவு முழுவதும் கருவிப் பேச்சு.

முப்பது கருவிகள் அடங்கிய பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். மலிவு. நான் வேண்டாம் என்றேன். அந்தப் பெட்டியில் பாதிக்குமேல் பூவும் இலையும் செதுக்கும் அச்சுகள். ஈரப்படுத்திய பட்டைத் தோலில்தான் அச்சு பதிந்து நிற்கும்; குரோம் தோலில் அழுத்தினால் எழும்பிவிடும். நான் பூச்செதுக்கப் போவதில்லை. மிச்சம் இருப்பவை மொண்ணைக் கத்திகள்.

எதிர்முனையில் இன்னொரு பைத்தியம் இருக்கிறது. பிரான்ஸில் வெர்ஜே பிளான்ஷார் என்று 1823 முதல் தோல் கருவி செய்கிறார்கள். அவர்களுடைய பல் உளியின் படத்தை நான் பார்க்கும் நேரத்தில் ஒரு பர்ஸ் தைத்து முடித்திருக்கலாம். சாய்ந்த பற்கள் தோலில் வரிசையாகத் தடம் மட்டும் பதிக்கும். துளையிடுவது குத்தூசியின் வேலை. சீனத்து உளிகள் அப்படி அல்ல, அடித்தால் மறுபக்கம் வரை துளைத்துவிடும், குத்தூசியே தேவையில்லை. இரண்டில் எது? 3 மில்லிமீட்டர் இடைவெளியா, 4 மில்லிமீட்டரா? பர்ஸுக்கு 3 அழகு. பெல்ட்டின் தடிப்புக்கு 4 போதும், அதற்குமேல் நெருக்கினால் துளை வரிசையே கிழிகோடாகிவிடும்.

இவ்வளவு யோசித்த பிறகு அம்மா கதவோரம் நின்று, வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். உளி இரண்டும் அதோடு முடிந்தன.

ஆக மொத்தம்: பிளேடு மாற்றும் கட்டர், குத்தூசி, முனை மழுங்கிய ஊசிகள், மெழுகு ஏற்றிய 0.8 மில்லிமீட்டர் நூல், ஓரத்தை உருட்டிச் சீவ ஒரு சிறு கருவி. கோடு போட அண்ணன் மகனின் காம்பஸ். ஒரு காலை ஓரத்தில் ஓட்டிக்கொண்டு போனால் மறுகால் ஓரத்துக்கு இணையாகக் கீறிவிடும். அதற்கென்றே விற்கும் கருவியும் இதைத்தான் செய்கிறது.

பசை கிடையாது. ரப்பர் சொல்யூஷன் டப்பாவைத் திறக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்தக் கரைப்பான் ஆவி இப்போது எனக்கு ஆகாது. துணி உலர்த்தும் கிளிப் போட்டுப் பிடித்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அப்பா போச்சம்பள்ளி சந்தைக்குப் போகிறார். எருதுக்குச் சலங்கைப் பட்டை கட்டி விற்பவர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நான் கேட்கச் சொன்னவை: பட்டைத் தோல் நீளமாகக் கிடைக்குமா, குத்தூசி எங்கே வாங்குகிறார்.

அப்பா கொண்டுவந்த பதில்: "மாட்டுக்கா, மனிதருக்கா என்று கேட்கிறான்."

அந்தப் பெரியவர் அப்பாவைவிட மூத்தவர். அவன், இவன் என்று சொன்னால் இனிமேல் எதையும் கேட்டுவர வேண்டாம் என்றேன். அப்பா பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். சோறு பாதி.

ஆகஸ்ட் 21, வியாழன்

அம்மா ஆவாரம்பூ பறித்துக் காயவைத்திருக்கிறாள். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சொல்லிக்கொண்டே கஷாயத்துக்கு அடுப்பு மூட்டினாள். டாக்டரம்மாவைக் கேட்காமல் எதையும் குடிக்க மாட்டேன் என்றதில் சண்டை. சாவு என்ற சொல் அந்தப் பழமொழிக்குள் இருப்பது அவளுக்குக் காதில் விழவில்லையா?

கோபம் தணிந்த பிறகு அந்தச் செடியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்க மேட்டு நிலம் முழுவதும் மஞ்சளாக நிற்பது அதுதான். தமிழ்நாட்டுத் தோல் பதனிடுதலே ஒரு காலத்தில் அதன் பட்டையை நம்பி இருந்தது. ஊறவைத்த பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் தோல் கிடக்கும்; கடைசியில் கடுக்காய்ச் சாறு. ஈ.ஐ., அதாவது ஈஸ்ட் இந்தியா தோல் என்று கப்பலேறியது அந்தச் சரக்கு; புவிசார் குறியீடுகூட இருக்கிறது. குரோம் உப்பு வந்த பிறகு வாரங்கள் எல்லாம் ஒன்றிரண்டு நாளாகச் சுருங்கிவிட்டன. இன்று பட்டைத் தோல் செய்பவர்களும் பெரும்பாலும் வெளிநாட்டு வாட்டில் மரத்தின் பட்டைத் தூளைத்தான் வாங்குகிறார்கள். ஆவாரை வாசலிலேயே பூக்கிறது.

அவசரம் வேண்டாம், வாரக்கணக்கில் உள்ளே கிடந்தால்தான் உறுதி. இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தோல் வந்துவிட்டது! எருமைத் தோல், நான்கு அங்குல அகலம், அப்பாவின் இடுப்பைச் சுற்றி ஒரு சாண் மிஞ்சும் நீளம். வெட்டுவாய் முழுவதும் பழுப்பு. முதுகெலும்பை ஒட்டி நீளவாக்கில் எடுத்ததாம். வயிற்றுப் பகுதித் தோலில் பெல்ட் வெட்டினால் ஒரே மழைக்காலத்தில் இழுத்துக்கொண்டு தொங்கும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

குத்தூசியை அவர் கடையில் வாங்குவதில்லை. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைக் கல்லில் தேய்த்துத் தாமே செய்துகொள்கிறாராம். எனக்கும் ஒன்று செய்து தருவதாகச் சொன்னாராம். "கொக்கி வைத்ததா, வைக்காததா என்று கேட்டுவரச் சொன்னார்" என்கிறார் அப்பா.

நல்ல கேள்வி. கொக்கி ஊசி துளைத்துக்கொண்டுபோய் மறுபக்க நூலை இழுத்து வரும், வேகமான வேலை. அதுவும் இரண்டு நூல் பிணையும் தையல்தான், கையால் செய்கிறோம் என்பதைத் தவிர. எனக்குக் கொக்கி இல்லாதது வேண்டும், முனை சாய்சதுரமாக, இரு பக்கமும் கூராக. படம் வரைந்து அப்பா சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், அடுத்த சந்தைக்கு.

ஆகஸ்ட் 27, புதன். பிள்ளையார் சதுர்த்தி

சித்தி வந்திருந்தார். மாசமாக இருக்கும்போது தோலைத் தொடலாமா என்று ஆரம்பித்து, நம் வீட்டுக்கு எதற்கு இந்த வேலை என்று முடித்தார். 'நம் வீடு' என்பதில் என்ன அடங்கியிருக்கிறது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவருடைய கைப்பை என் மடியில்தான் இருந்தது. தோல். நல்ல தோல்கூட அல்ல. உடைந்த தோலைக் கூழாக்கி மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. இரண்டு வருடத்தில் உரிந்து கொட்டும். அதை மட்டும் சொன்னேன்.

கொழுக்கட்டை ஒன்றுதான் அனுமதி. அதுவும் உப்புக் கொழுக்கட்டை.

ஆகஸ்ட் 30, சனி

இன்று முழுவதும் ஓரம்.

தலையணைத் துண்டை எடுத்தேன். இரு விளிம்பையும் மெல்லச் சீவி உருட்டி, உப்புத்தாளில் தேய்த்து, விரலில் தண்ணீர் தொட்டுத் தடவி, அப்பாவின் பழைய சப்பாத்திக் கட்டையின் கைப்பிடியால் தேய்த்தேன். முதலில் ஈரத்தில் கறுத்தது, சொரசொரத்தது. பிறகு சூடேற ஏற இழைகள் படுத்துக்கொண்டன. கடைசியில் கொம்பு சீவியது போல ஒரு பளபளப்பு. நகத்தால் ஓட்டினால் தடங்கல் இல்லை. அதையே கறுப்புக் குரோம் துண்டில் செய்தேன். எவ்வளவு தேய்த்தாலும் பஞ்சு பஞ்சாகவே நிற்கிறது. அதற்கு ஓரச் சாயம் பூசி மூட வேண்டும், அல்லது மடித்துத் தைக்க வேண்டும்.

மெருகேற்ற ஜப்பான் களிம்பு ஒன்று விற்கிறது. பெல்ட்டுக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். வெறும் தண்ணீரும் கடைசியில் கொஞ்சம் தேன்மெழுகும்.

தேய்க்கும்போது மணி ஓடியதே தெரியவில்லை. அம்மா வந்து, அசைவு தெரிகிறதா என்று கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. தெரிந்தது. தேய்த்த நேரமெல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்ததா?

செப்டம்பர் 2, செவ்வாய்

அசைவு குறைவு. மதியம் இனிப்பாக ஏதோ கொடுத்துப் படுக்கவைத்தார்கள். இடது பக்கம். எண்ணிக்கொண்டே இருந்தேன். மாலை ஐந்துக்கு மேல் நன்றாக உதைத்தது. எதுவும் செய்யவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

கத்தி தீட்டினேன். பலகையில் குரோம் துண்டின் சொரசொரப்புப் பக்கத்தை மேலாக வைத்துக் கட்டி, பச்சை மெருகுக் கட்டியைத் தேய்த்து, கத்தியைப் பின்பக்கமாக மட்டும் இழுக்க வேண்டும். முன்னால் தள்ளினால் பலகைத் தோலையே வெட்டிவிடும். அந்தப் பச்சையும் குரோமியம்தான், ஆக்சைடாக. முன்கை முடியை அது மழிக்கும் அளவுக்கு வந்தது. பொழுது போகவில்லை, அம்மாவின் அரிவாள்மனை, தேங்காய்க் கத்தி எல்லாவற்றையும் தீட்டி வைத்தேன். அம்மா இதை மட்டும் பாராட்டினாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

குத்தூசி வந்த நாளும் கிரகண நாளும் ஒன்றாகவா வாய்க்க வேண்டும்.

பதினோரு மணிக்கெல்லாம் அப்பா சந்தையிலிருந்து திரும்பிவிட்டார். புளியமரக் கைப்பிடி, என் உள்ளங்கைக்குச் சரியாகப் பொருந்தும் குண்டு. கம்பி ஒன்றரை அங்குலம். முனை நான் வரைந்தபடியே சாய்சதுரம், ஒரு சிறு மாற்றத்துடன்: கம்பியின் தோள்பட்டைக்கு அருகே கொஞ்சம் தடிப்பு விட்டிருக்கிறார். வளைந்து போகாமலிருக்கவாம். காசு வாங்க மறுத்தாராம்; அப்பா வற்புறுத்திக் கொடுத்துவிட்டு டீயும் குடித்து வந்திருக்கிறார், "அவரோடு" என்று இரண்டு தடவை சொன்னார்.

மாலை ஆறுக்கு அம்மா எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்ப் பூட்டிவிட்டாள். கட்டர், குத்தூசி, ஊசி, காம்பஸ், அரிவாள்மனை. கிரகணம் இரவு 9.57க்குத்தான் தொடங்குகிறது. வாதாடிப் பயனில்லை. தர்ப்பை போட்ட பாயில் படுத்திருக்கிறேன். நான் எதையும் நம்பவில்லை. ஆனால் விரலைக்கூட மடக்காமல் நீட்டியே வைத்திருக்கிறேன், போன முறைக்குப் பிறகு எதையும் சொல்ல முடியாது.

11 மணிக்குமேல் நிலா செம்பு நிறமாகிவிட்டது என்று தெருவில் பையன்கள் கத்துகிறார்கள். படுத்தபடி மனத்தில் தைத்துப் பார்க்கிறேன். பணப்பையைச் சுற்றி 24 அங்குலம். நூல் அதைப் போல நான்கு மடங்கு, 96 அங்குலம். எட்டடி. என் கை எட்டாது. இரண்டு நூலாகப் பிரித்தால் நடுவில் ஒரு சேர்மானம் வரும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தைக்கிறேன்.

தோலைப் பிடித்து நிறுத்தும் மரக்கிடுக்கியைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது முறை. இந்த வயிற்றோடு நடக்காது. அப்பா இரண்டு பலகையை மேஜை விளிம்பில் கிளாம்ப் போட்டு முடுக்கிக் கொடுத்தார்.

குத்தூசியைச் செங்குத்தாக இறக்குவதுதான் கலை. முன்பக்கம் கோட்டில் குத்தி, பின்பக்கம் கோட்டில் வெளிவர வேண்டும். பிறகு ஒரே ஒழுங்கு: முதலில் இடது ஊசி, அதன் பின்னால் வலது ஊசி, நூலை மேலே தூக்கிவிட்டு, இரு கையாலும் ஒரே அழுத்தத்தில் இழுப்பது. இந்த வரிசை ஒரு தடவை மாறினாலும் தையல் சாய்வு மாறிவிடும், யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். ஊசி முனை மழுங்கலாக இருப்பதன் அருமை இப்போதுதான் புரிகிறது. கூராக இருந்தால் உள்ளே இருக்கும் நூலையே துளைத்துக்கொண்டு போகும்.

இடது, வலது, தூக்கு, இழு. குழந்தையும் விழித்திருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல். கால் வீக்கம். வெள்ளிக்கிழமை மீண்டும் வரச் சொன்னார்கள். அவரை லீவு போடச் சொல்லலாமா என்று அம்மாவும் அப்பாவும் சமையலறையில் பேசிக்கொள்கிறார்கள், எனக்குக் கேட்காது என்று நினைத்து.

பக்கிள் பித்தளையா, நிக்கல் பூசியதா? பித்தளை என்றால் வியர்வையில் பச்சை பிடிக்கும். அப்பா பச்சை பெல்ட்டுக்காரர், கவலைப்பட மாட்டார்.

செப்டம்பர் 11, வியாழன்

பணப்பையின் மூன்று பக்கம் முடிந்தது. அப்பா கையில் வாங்கி, தையலை விட்டுவிட்டு ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தார். பச்சைச் சாயம் ஏற்றுவாயா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். சரி என்றார், முகம் சரி என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் அழுத்தம் இன்னும் கூடிவிட்டது. தருமபுரிக்குப் போகச் சொல்கிறார்கள், இன்றே. கார் வந்துகொண்டிருக்கிறது. பையில் நூலையும் ஊசிகளையும் வைத்தேன். அம்மா எடுத்துவிட்டாள். மறுபடி வைத்திருக்கிறேன். குத்தூசியை அப்பாவிடம்