கண்ணாடியில் ஒட்டிய பொட்டுகள்

2024 ஜூலை 29 அன்று சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கத்திக்குத்துக்குப் பலியானார்கள். குத்தியவன் படகில் வந்த அகதி என்று பொய்ச்செய்தி பரவி, இங்கிலாந்தின் பல ஊர்களில் கலவரம் வெடித்தது. ரோதர்ஹாமில் அகதிகள் தங்கியிருந்த ஓட்டலுக்கே தீ வைக்கப் பார்த்தார்கள். நான் வடக்கு இங்கிலாந்தில் நர்ஸ். அந்த வாரம் நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போது பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனேன். மறுநாளும் அப்படியே.

சில நாளில் வார்டில் ஒருவர், "உன் கை என் மேல படக்கூடாது, வெள்ளைக்கார நர்ஸைக் கூப்பிடு" என்றார். "வயசானவர், விடு" என்றார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். அதன் பிறகு தூக்கம் போய்விட்டது. பஸ் ஸ்டாப்பில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டாலே கை நடுங்கும்.

இங்கே அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில், பேசியே மனநலச் சிகிச்சை தரும் டாக்கிங் தெரபிஸ் என்ற பிரிவு உண்டு. அதில் நாமே பதிவு செய்துகொள்ளலாம், ஜிபி எனும் குடும்ப டாக்டரின் கடிதம் தேவையில்லை. இரண்டு படிவங்கள் வந்தன: மனச்சோர்வுக்கு 9 கேள்வி, பதற்றத்துக்கு 7. எனக்கு என்ன நடந்தது என்று அவற்றில் ஒரு கேள்வியும் இல்லை.

முதலில் கிடைத்த தெரபிஸ்ட் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். நினைப்பு, அதற்கு ஆதாரம், மாற்று நினைப்பு. "அவர் வலியில் சொல்லியிருக்கலாம் இல்லையா?" என்று கேட்டார். ஆதாரக் கட்டத்தில் அந்த மனிதர் சொன்னதை அப்படியே எழுதினேன். மாற்று நினைப்பு வெறுமையாகவே கிடந்தது. அந்த முறையால் குணமானவர்களை எனக்கே தெரியும். ஆனால் எனக்கு நடந்தது நினைப்பு இல்லையே, நடந்த சம்பவம். ஒவ்வொரு தடவையும் அதை நிரூபித்துவிட்டு வருவது போல இருந்தது. மூன்றாவது வாரம், நன்றி கெட்டவள் என்று நினைப்பார்களோ என்ற தயக்கத்தோடு போன் செய்து வேறு ஆள் கேட்டேன். மறுக்காமல் மாற்றினார்கள், காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

வந்தவரும் வெள்ளைக்காரர்தான். உட்கார்ந்ததுமே, "நான் வெள்ளைக்காரி. இதையெல்லாம் என்னிடம் சொல்வது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். பயம் எப்படி வருகிறது, உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள் என்றார். "வயித்துல புளியைக் கரைக்குது" என்றேன். புளி என்றால் என்ன, அதை எப்படிக் கரைப்போம் என்று கையால் பிசைந்து காட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் முதலில் கேட்பது, "இந்த வாரம் புளி எவ்வளவு?"

ஆபத்து உண்மையிலேயே எங்கே இருக்கிறது, எங்கே உடம்பு பழைய பயத்தில் காவல் காக்கிறது என்று தெருத்தெருவாகப் பிரித்துப் பார்த்தோம். வார்டில் நடந்ததை மேனேஜருக்கு எழுத உதவினார். இனவெறியோடு நடந்துகொள்பவருக்கு அவசரமில்லாத சிகிச்சையை மறுக்க 2020 ஏப்ரலிலிருந்தே என்ஹெச்எஸ்ஸில் இடம் உண்டு என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பதிவு செய்யப் போகிறவர்கள், இனவெறிதான் காரணம் என்றால் அதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் கேளுங்கள், காசு கிடையாது. லண்டன்காரர்களுக்கு நஃப்ஸியாத் இருக்கிறது; வேறு பண்பாடுகளிலிருந்து வந்தவர்களுக்கென்றே 1983இல் ஜாஃபர் கரீம் தொடங்கிய மனநலச் சிகிச்சை மையம்.

பொட்டைப் பற்றி நாலாவது வாரம்தான் வாய் திறந்தேன். எப்போது மறுபடி வைக்கப் போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. யார் வைக்கப் பழக்கினார்கள் என்று கேட்டார். அம்மாவைப் பற்றியே அன்று முழுக்கப் பேசினேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். கண்ணாடியில் பதினொரு பொட்டு இருந்தது. பசை காயாத ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனேன்.