டிரங்குப் பெட்டியில் ஆரம்பியுங்கள்: சிலோன் குடும்பங்கள் பூர்வீகம் தேடும் வழி

நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கத்து லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்), இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் இப்போது "நம்ம பூர்வீகம் எது?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். கேட்ட கையோடு பலர் செய்கிற காரியம், வெளிநாட்டு வம்சாவளித் தளம் ஒன்றுக்குச் சந்தா கட்டுவது. வீண் செலவு. அங்கே இருக்கும் பழைய இந்தியப் பதிவுகளில் பெரும்பகுதி தேவாலயத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் கல்லறையில் கிடக்கும் துரையின் பேரன்களுக்கு அது உதவும். கொழுந்து எடுத்தவரின் பேரனுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால், காசு கேட்காத ஃபேமிலிசர்ச் தளத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம். டி.என்.ஏ. சோதனையும் ஊர்ப் பெயர் சொல்லாது.

நம் தேடலில் ஆள் பெயரைப் போல ஏமாற்றுவது வேறில்லை. முத்தையா என்ற பெயர் இலங்கைத் தாளில் 'எச்' இல்லாமல் இரண்டு 'டி' போட்டு வரும். இங்கே பள்ளிக்கூடத்தில் 'டி-எச்' ஆகிவிடும். லட்சுமி அங்கே லெட்சுமியாகி, நடுவில் 'டி-சி-எச்' ஏறியிருக்கும். அதனால் தோட்டத்தின் பெயர், டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு), வந்த தேதி, குடும்ப அட்டை எண் இந்த நான்கையும் பிடியுங்கள். பெயர் பின்னாலேயே வரும்.

நான்குமே வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைக்க வாய்ப்பு உண்டு. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில், இலங்கையில் குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படித் தாயகம் திரும்பியவர்களிடம் இந்தியப் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்கும். அட்டையில் யார் யார் வந்தார்கள், வயது, உறவு, வந்த தேதி, பாஸ்போர்ட் எண் ஆகியவற்றைப் பாருங்கள். வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். பாதி கேட்டு எழுதியது, பாதி குத்துமதிப்பு. ஐந்து வருடம் முன்பின் இருக்கலாம்.

இந்தத் தாள்களை லேமினேட் பண்ணாதீர்கள். சூட்டில் பழைய மை மங்கும், பிறகு பிரிக்கவே முடியாது. நம் மலை ஈரத்துக்கு பிளாஸ்டிக் கவரும் ஆகாது. உள்ளே வியர்த்து, மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். துவைத்துக் காயவைத்த பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே போதும். படம் எடுக்க ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். முத்திரை தெரியவில்லையா? அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளின் ஓரத்தில் படுக்கை வசமாகப் பிடியுங்கள். அழுத்திக் குத்திய எழுத்தாக இருந்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து தோட்டத்துப் பெயர் எழும்பி வரும். பின்பக்கத்தையும் எடுங்கள், யாரோ பென்சிலில் கிறுக்கிய எண்தான் சில சமயம் முக்கியமான எண்.

அடுத்தது பெரியவர்கள். வருடம் கேட்டால் சொல்லத் தெரியாது, இடம் கேட்டால் தெரியும். "தனுஷ்கோடியில் இறங்கினோம்" என்று சொன்னால் 1964 டிசம்பர் புயலுக்கு முன்பே வந்தவர். ஒப்பந்தத்தில் வந்தவர்களின் குடும்ப அட்டை அவருக்கு இருக்காது, தேடி அலைய வேண்டாம். தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம் என்றால் அதற்குப் பிறகு. "வந்ததும் டான்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டத்தில்) போட்டாங்க" என்றால் 1968க்கு இந்தப் பக்கம். அந்த வருடம்தான் வனத்துறை தேயிலை நட ஆரம்பித்தது, தனிக் கழகமானது 1976இல்.

எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், பக்கத்து டவுன் எது, கங்காணி யார், அவருக்கு எந்த ஊர் என்று கேளுங்கள். கங்காணி பெரும்பாலும் தன் ஊரையும் சுற்றுப்பட்டையும் சேர்ந்த ஆட்களையே கூட்டிப்போனதால் அவர் ஊர் கிடைத்தால் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். அங்கே தோட்டத்துக்குத் தாளில் ஒரு பெயர், ஜனங்கள் வாயில் வேறு தமிழ்ப் பெயர் என்பது சகஜம்; பக்கத்து டவுனையும் குறித்துக்கொண்டால் குழப்பம் தீரும். இலங்கை மலையகம் பற்றிய பழைய மலர்களையும் இதழ்களையும் 'நூலகம்' (noolaham.org) தளத்தில் இலவசமாகப் புரட்டலாம்.

பேச்சைக் கைபேசியில் பதிவு செய்யும்போது தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒன்றும் கேட்காது. மழை விட்ட நேரம் பார்த்து, மடித்த துண்டின் மேல், பேசுபவருக்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள்.

இந்தப் பக்கத்துப் பதிவுகளில் சிறந்தது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துக் கேட்டால், அப்பா பெயர், பிறந்த தேதி, முன்பு படித்த பள்ளி கிடைக்கும். முன்பு படித்த பள்ளி இலங்கைத் தோட்டப் பள்ளியாக இருந்தால் அதுவே முகவரி. பி.எஃப். நாமினி படிவத்தின் நகல் வீட்டில் இருந்தால் அதையும் விடாதீர்கள். 2002–2005 காலத்து வாக்காளர் பட்டியல் தேர்தல் அலுவலர் தளத்தில் இருக்கிறது. மாவட்டத்தில் உதகை, குன்னூர், கூடலூர் மூன்றே தொகுதி. வீட்டு எண்ணைப் பிடித்தால் ஒரு லயத்தில் யார் யார் சேர்ந்திருந்தார்கள் என்று தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளைக் கேட்டு நேரத்தைக் கரைக்க வேண்டாம். தனிநபர் விவரம் சட்டப்படி யாருக்கும் தர மாட்டார்கள்.

அட்டை தொலைந்திருந்தால் தகவல் உரிமை மனு போடலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், நகலுக்குப் பக்கம் இரண்டு ரூபாய், தபால் செலவு, அவ்வளவே. சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள மறுவாழ்வுத் துறைக்கு ஒன்று, ஊட்டி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று. "எங்கள் குடும்ப வரலாறு வேண்டும்" என்று எழுதினால் "தகவல் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். குடும்பத் தலைவர் பெயர், வந்த மாதம், பாஸ்போர்ட் எண், முதலில் வேலைக்குப் போன இடம் என்று குறிப்பாக எழுதி, இன்ன பதிவேட்டின் இன்ன பக்க நகல் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு. கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமுக்கு பஸ் ஏற வேண்டாம். அது இன்றும் இலங்கைத் தமிழர் முகாம், அனுமதியில்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

பாஸ்போர்ட்டில் "திருச்சி ஜில்லா" என்று இருந்தால் இன்றைய வரைபடத்தை மூடிவையுங்கள். கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அதற்குள் இருந்தவை. சேலம் என்றால் தர்மபுரி, நாமக்கல் சேரும். ராமநாதபுரத்தில் சிவகங்கையும் விருதுநகரும் 1985 வரை இருந்தன. தாலுகா பெயரும் இல்லையென்றால் குலதெய்வம்தான் வழி. முதல் மொட்டை எந்தச் சாமிக்கு, காதுகுத்து யார் மடியில், பொங்கலில் கிடாயா சேவலா என்று பாட்டிமாரிடம் கேளுங்கள். அந்தக் கோயில் பூசாரியிடமும் வரி வசூல் நோட்டு வைத்திருப்பவரிடமும் பங்காளிகள் பட்டியல் இருக்கும். போகும் முன் ஒரு போன் போட்டு, திருவிழா நாளாகப் பார்த்துப் போனால் ஒரே பஸ் செலவில் பத்துப் பேரைப் பார்க்கலாம்.

கடைசியாக இலங்கைப் பிறப்புச் சான்றிதழ். அங்கே இன்னும் சொந்தம் இருந்தால், பிறப்பு பதிவான பகுதியின் பிரதேச செயலகத்தில் அவர்களை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். தோட்டம், டிவிஷன், மாதம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிந்தைய பல சான்றிதழ்களில் அப்பா பெயரோடு, தாத்தா இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், வருடம், இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். சுருக்க நகல் வாங்கி வந்துவிடுவார்கள். அந்தக் கட்டம் உள்ள முழு நகல்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டத்தில் கோடு போட்டிருந்தால், தாத்தா பெரும்பாலும் இந்தப் பக்கம் பிறந்து கப்பல் ஏறியவர்.