நிப்பாட்டிருங்க ஆச்சி

“ஒத்துக்கலை போல. நிப்பாட்டிருங்க ஆச்சி.”

நாலே சொல். சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது ஒரு டப்பாவை எங்கள் மருந்துக்கடைக் கண்ணாடி மேல் வைத்து “இதைச் சாப்பிடலாமா?” என்று கேட்டால், பதில் வருவதற்கு முன்னால் அந்த நாலு சொல்தான் நாக்கில் வந்து நிற்கிறது.

அன்று ஆச்சி கேட்க வந்தது வேறு. முழங்கையை மடக்கிக் கண்ணாடி மேல் வைத்து, “எம்மா, இதுக்கு ஒரு ஆயின்மென்ட் குடேன். எங்கேயும் இடிச்ச ஞாபகம் இல்ல, தானா கன்னிப் போவுது” என்றார். பீடி இலை வெட்டி வெட்டிக் கறுத்த விரல்நகங்கள். அதற்கு மேலே, முன்கையின் உள்பக்கத்தில், நாவற்பழத்தை நசுக்கித் தேய்த்தது போல இரண்டு திட்டு. தோல் காகிதம் போல மெலிந்திருந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். நாலு மாதத்துக்கு முன்பு கன்னம் ஒட்டி, எலும்பு தெரிந்த முகம் அது. இப்போது வட்டமாக, பளபளவென்று இருந்தது. தெருவில் எல்லாரும் “ஆச்சிக்கு உடம்பு தேறிட்டு” என்று சொல்வதாக அவரே சந்தோஷமாகச் சொன்னார்.

“அந்த மூட்டு மருந்து இன்னும் சாப்பிடுதியளா?”

“அது இல்லாம எப்படிம்மா? அதுதான என்னைய உக்கார வச்சிருக்கு. ஐநூறு பீடி சுத்துறதுக்குள்ள செத்துப் பொழைப்பேன். இப்ப ஆயிரம் சுத்துதேன்.”

அப்போதுதான் சொன்னேன், அந்த நாலு சொல்லை. மூன்றடி தள்ளி கடை முதலாளி அண்ணாச்சி ஸ்டாக்கிஸ்ட் பில்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த டப்பா எங்கள் கடையில் வாங்கியதுதான். ‘100% மூலிகை. பக்க விளைவுகள் இல்லை.’ பக்கவாட்டில் முடக்கத்தான், தழுதாழை, வாதநாராயணன், அமுக்கரா, சுக்கு என்று நான் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த பெயர்கள். முடக்கத்தான் தோசை சாப்பிடாத வீடு எங்கள் பக்கம் குறைவு. பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டெங்குவுக்கு நிலவேம்புக் குடிநீரும், 2020-ல் கபசுரக் குடிநீரும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த ஜனங்கள் நாங்கள். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். கைநாடி பார்த்து, பத்தியம் சொல்லி, “மூணு மாசம் ஆகும், பொறுத்துக்கோங்க” என்று சொல்கிற சித்த மருத்துவர்களை எனக்குத் தெரியும். அந்த “மூணு மாசம் ஆகும்” என்ற பேச்சுதான் எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆச்சிக்கு இரண்டே நாளில் வலி போயிருந்தது. பத்து வருஷ மூட்டுவலி எந்த இலைக்கும் வேருக்கும் இரண்டு நாளில் போகாது.

எனக்குத் தெரியாமல் இல்லை. உருண்ட முகம், மெலிந்த தோல், தானாகக் கன்றுவது, அகோரப் பசி. மருந்தாளுநர் படிப்பான டி.ஃபார்ம் படித்த யாருக்கும் இது ஸ்டீராய்டைச் சொல்லும். மூட்டுவலிக்கான ‘மூலிகை’ப் பொடியிலும் காப்ஸ்யூலிலும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலப்பது இந்தத் தொழிலில் எல்லாரும் அறிந்த அக்கிரமம். டெக்சாமெத்தசோனில் முக்கால் மில்லிகிராம், பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டில் 5 மில்லிகிராமுக்குச் சமம். ஒரு மாத்திரைக்கு ஒரு ரூபாய் கூட ஆகாது. வாங்குகிறவர் மறுபடி வந்தே தீருவார்.

அதோடு இன்னொன்றும் எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, உடம்புக்குத் தேவையான கார்ட்டிசோலைச் சுரக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு மாசக்கணக்கில் வந்துகொண்டிருந்தால் அது வேலையை விட்டுவிடும். ஒரேயடியாக மருந்தை நிறுத்தினால் உடனே எழுந்து சுரக்க அதனால் ஆகாது. ரத்த அழுத்தம் விழும், வாந்தி, மயக்கம், உயிருக்கே ஆபத்து. சீட்டோடு வந்து பிரெட்னிசோலோன் வாங்கும் ஒவ்வொருவரிடமும் நான் சொல்லும் வாசகம்: “நீங்களா நிப்பாட்டிராதீங்க. டாக்டர் சொன்ன மாதிரி கொறச்சு கொறச்சுத்தான் நிப்பாட்டணும்.” பதினோரு வருஷமாகச் சொல்கிறேன். ஆச்சியிடம் மட்டும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள் ஒரு நோட்டு நிறைய இருக்கும்.

முதலாவது, ஆதாரம் இல்லை. அன்று ராத்திரி கடை மூடுவதற்கு முன்னால் ஒரு காப்ஸ்யூலைப் பிரித்து வெள்ளைத்தாளில் கொட்டிப் பார்த்தேன். பழுப்புத் தூளுக்கு நடுவே வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ மினுங்கியது. அது வெறும் ஸ்டார்ச்சாகவும் இருக்கலாம். ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டியதை என் கண் சொல்ல முடியாது.

இரண்டாவது, ‘ஸ்டீராய்டு’ என்ற சொல். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையோடு கருப்புப் பூஞ்சை நோய் வந்த சமயம், ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று ஜனங்கள் பேசினார்கள். அப்போது ஒரு பையனின் இன்ஹேலரைப் பற்றி அவன் அம்மா கேட்டார். “இதுல கொஞ்சம் ஸ்டீராய்டு இருக்கு, உபயோகிச்ச பிறகு வாய் கொப்புளிக்கச் சொல்லுங்க” என்று சரியாகத்தான் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போய் அதைக் குப்பையில் போட்டுவிட்டார். அடுத்த வாரம் பிள்ளைக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதிலிருந்து அந்தச் சொல்லை நான் எடுக்கவே பயப்படுவேன்.

இந்த இரண்டு காரணமும் உண்மை. ஆனால் மூன்றடி தள்ளி அண்ணாச்சி இருந்தார் என்பதும் உண்மை.

அண்ணாச்சியைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிரசவ நேரத்தில் எனக்கு மூன்று மாதம் முழுச் சம்பளம் கொடுத்த மனிதர். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்கு எங்களைப் போன்ற சில்லறைக் கடைக்கு லாபம் 16 சதவீதம், மற்றதற்கு வழக்கமாக 20. அதிலும் ஆன்லைனில் தள்ளுபடி தருகிறார்களே என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த டப்பா 240 ரூபாய். எங்களுக்கு வாங்கும் விலை 95. பத்துக்கு இரண்டு ஃப்ரீ வேறு. வாடகையையும் கரண்ட் பில்லையும் அந்தக் கீழ்த்தட்டு டப்பாக்கள்தான் கட்டுகின்றன என்று அவர் சொல்வார். கணக்கு எனக்கும் தெரியும். என் சம்பளமும் அதிலிருந்துதான்.

சட்டமும் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது. அலோபதி மருந்து விற்க 20, 21 படிவ உரிமங்கள் வேண்டும். சுவரில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறோம். ஃபார்மசிஸ்ட் இருக்க வேண்டும். 2014 மார்ச்சிலிருந்து ஷெட்யூல் எச்-1 என்ற, கட்டுப்பாடு அதிகமான பட்டியலில் உள்ள மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு. வாங்கியவர் பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாம் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆனால் சித்த, ஆயுர்வேத மருந்தைத் தயாரிக்கத்தான் உரிமம் வேண்டும். விற்க எதுவும் வேண்டாம். பெட்டிக்கடையிலும் விற்கலாம், பஸ் ஸ்டாண்டிலும் விற்கலாம். ஒரே கண்ணாடிக்குப் பின்னால், மேல்தட்டில் இருக்கும் ஸ்டீராய்டுக்குச் சீட்டு கேட்கிறேன். கீழ்த்தட்டில் அது இருக்கிறதா இல்லையா என்று கேட்க எனக்கு வேலையே இல்லை.

ஆச்சி அன்று வீட்டுக்குப் போனதும் டப்பாவை மருமகளிடம் கொடுத்துப் பரண் மேல் போடச் சொல்லிவிட்டார். என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு. ஒன்பதாம் நாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே அவர் மகன் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்த டப்பா.

“நேத்து ராத்திரியிலேர்ந்து வாந்தி. எந்திரிச்சா கண்ணு இருட்டிட்டு வருது. பெரியாஸ்பத்திரில சேத்திருக்கு. என்ன மருந்து சாப்பிட்டாவன்னு டாக்டர் கேக்காரு. அம்மா, மூலிகைதான்னு சொல்லுதாவ.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: “நீங்கதான நிப்பாட்டச் சொன்னிய?”

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ‘இந்தக் காப்ஸ்யூலில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகம். தினம் 2, நான்கு மாதம். ஒன்பது நாள் முன்பு ஒரேயடியாக நிறுத்தப்பட்டது.’ டூட்டி டாக்டர் கையில் கொடுங்கள், வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.

‘நிறுத்தப்பட்டது.’ அவர் போன பிறகுதான் அந்தச் சொல் உறைத்தது. யார் நிறுத்தியது? ‘நான் நிறுத்தச் சொன்னேன்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டு வினை என்று படித்தோமே, அது எதற்கு உதவும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைனும் ஏற்றினார்கள். மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று மகன் வந்து சொன்னார். “நல்ல நேரத்துல எழுதிக் குடுத்திய” என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன். சில நாள் அதை நினைத்து, என் சீட்டுதான் காப்பாற்றியது என்று ஆறுதல் பட்டுக்கொள்வேன். ஆனால் டாக்டர் கேட்டதே ‘வேறு என்ன சாப்பிட்டார்கள்’ என்றுதான். முகத்தைப் பார்த்ததுமே அவர் ஊகித்திருப்பார். என் சீட்டு போவதற்கு முன்பே ஊசி போட்டிருக்கவும் கூடும். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதுவரை கேட்கவில்லை.

நாலாம் நாள் டிஸ்சார்ஜ் சீட்டோடு எங்கள் கடைக்கே வந்தார்கள். பிரெட்னிசோலோன், காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு. வாரம் வாரம் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டு, ஒவ்வொரு கவரின் மேலும் முதல் வாரம், இரண்டாம் வாரம் என்று எழுதினேன். “நீங்களா நிப்பாட்டிராதீங்க ஆச்சி. கொறச்சு கொறச்சுத்தான்.” என் வாயால் அந்த வாசகம் வந்தபோது ஆச்சி சமத்துப் பிள்ளை போலத் தலையாட்டினார். அண்ணாச்சி அன்றும் அதே மேசையில்தான் இருந்தார். நான் சத்தமாகத்தான் சொன்னேன். ஒன்றும் நடந்துவிடவில்லை.

இதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சந்தேகத்தைச் சொல்லாமல் மறைத்தேன். மறைத்ததால் எச்சரிக்கையையும் சொல்ல முடியாமல் போயிற்று. ‘குறைத்துக் குறைத்து நிறுத்துங்கள்’ என்று சொன்னால், ‘மூலிகைக்கு எதுக்கு அது?’ என்று ஆச்சி கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதி உண்மையைச் சொன்னேன். ஒன்றுமே சொல்லாமல் ஆயின்மென்ட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தால் அன்று அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டார். இன்னும் ஒரு வருஷம் சாப்பிட்டு, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து போயிருப்பார். அதை யாரும் என் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்கள்.

மருந்து ஆய்வாளருக்கு எழுதலாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். “எழுதும்மா. சாம்பிள் முதல்ல எந்தக் கடையில எடுப்பாவ?” என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, யோசித்துத்தான் கேட்டார். அடுத்த வாரம் அந்த டப்பாக்களைக் கம்பெனி ரெப்பிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்காகத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். ஆனால் திருப்பிக் கொடுத்தது எங்கே போயிருக்கும்? வேறொரு கடையின் கீழ்த்தட்டுக்குத்தான். ஆச்சியின் டப்பாவை மகன் என்னிடமே விட்டுப்போயிருந்தார். உள்ளே இருபத்தேழு காப்ஸ்யூல். பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன். கடிதம் எழுதியும் வைத்திருக்கிறேன். பேட்ச் எண் வரைக்கும் எழுதியாயிற்று. டப்பாவின் எக்ஸ்பைரி வருகிற மார்ச்.

போன மாதம் ஆச்சி வந்தார். முகம் பழையபடி ஒட்டிவிட்டது. முழங்கால் வீக்கம், நடையே சரிந்திருந்தது. முந்தானையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். பெயர் வேறு, நிறம் வேறு. இலை, வேரின் பட்டியல் அதேதான்.

“எம்மா, ஒண்ணு கேக்கேன். இதை ஒரேயடியா நிப்பாட்டுனாத்தான ஆகாது? கொறச்சு கொறச்சுச் சாப்பிட்டா ஒண்ணும் செய்யாதுல்லா?”

அன்று ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டீராய்டு என்று வாய் திறந்து சொன்னேன். எலும்பு, சர்க்கரை, கண், தொப்பி மாதிரி இருக்கும் சுரப்பி, எல்லாம். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்று கேட்டு, நிறுத்துவதற்கு முன் போய்ப் பார்க்க வேண்டிய டாக்டர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அரை மணி நேரம். கூட்டம் சேர்ந்துவிட்டது, அண்ணாச்சியே எழுந்து வந்து மற்றவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஆச்சி முழுசாகக் கேட்டார். சீட்டை மடித்து முந்தானையில் முடிந்தார். டப்பாவையும் எடுத்துக்கொண்டார்.

“சரிதாம்மா,” என்றார். “ஆனா பீடித் தட்டுக்கு முன்னால உக்காரணும்லா.”