வாசல் தாண்டும்போது விடுபடும் மாத்திரை

சிறையில் மாலை ஐந்தரைக்கே ராத்திரி ஆகிவிடுகிறது. சாப்பாடு அதற்கு முன்பே வந்துவிடும், ஆறு மணிக்கு லாக்கப், அறைகளைப் பூட்டிவிடுவார்கள். மனநல மருத்துவர் சீட்டில் ‘இரவு படுக்கும் முன்’ என்று எழுதும் மாத்திரை கைதியின் வாய்க்குப் போகும் நேரம் மாலை ஐந்து. ஆள் ஏழு மணிக்குத் தூங்கி, ஒன்றரைக்கு விழித்து, விடியும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடுத்த வாரம் ‘தூக்கமே வரல சார்’ என்பார், டோஸ் கூட்டப்படும். இப்போது ஆறரைக்கே தூங்குவார், மறுநாள் காலைக் கணக்கெடுப்பில் தள்ளாடுவார். சிறைக்கு மருந்து எழுதப் போகிறவர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது லாக்கப் நேரத்தை.

பெங்களூரு பரப்பன அக்ரஹாரா மத்தியச் சிறையில் அங்குள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 5,024 பேரில் ஏறத்தாழ 80 சதவீதத்தினருக்கு மனநோயோ போதைப் பழக்கமோ இருந்தது. போதையைக் கழித்தாலும் 27.6 சதவீதம். நான்கில் ஒருவருக்கு மேல். வாரத்துக்கு ஒரு நாள் வரும் மருத்துவரும் ஓரிரண்டு ஆலோசகர்களும் இத்தனை பேரையும் உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பது நடக்காது. எங்கே பார்த்தால் உயிர் போகாது, எங்கே மருந்து அறுபடாது என்று இடம் பார்த்து நிற்பதுதான் இந்த வேலை. அந்த இடங்கள் பெரும்பாலும் வாசல்கள்: உள்ளே வரும் வாசல், கோர்ட்டுக்குப் போகும் வாசல், விடுதலையாகும் வாசல்.

உள்ளே வருவதில் பெரிய ஆபத்து குடி. தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் குழப்பம், நடுக்கம், இல்லாத பூச்சியை உடம்பிலிருந்து தட்டிவிடுவது எல்லாம் தொடங்கும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ரிமாண்ட் செய்கிறார்கள். ஆக, காவல் நிலையத்தில் அவர் பெரும்பாலும் தெளிவாகத்தான் இருப்பார். பிரச்சினை வெடிப்பது சிறையின் முதல் இரண்டு இரவுகளில், அதுவும் வெள்ளிக்கிழமை பிடிபட்டவருக்கு மருத்துவர் இல்லாத ஞாயிறன்று. ‘பைத்தியம் பிடிச்சிருச்சு’ என்று தனிச் செல்லில் போட்டுப் பூட்டினால் காலையில் பிணமாகக் கிடைக்கலாம். ‘குடிப்பீங்களா?’ என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். ‘கடைசியா எப்போ குடிச்சீங்க, காலையில கை நடுங்குமா, முன்னாடி வலிப்பு வந்திருக்கா?’ என்று மூன்றாகக் கேட்க வேண்டும். ஆம் என்றால் அன்று இரவே நரம்பை அமைதிப்படுத்தும் டயசிபாமோ லோராசிபாமோ தொடங்கி ஐந்து, ஏழு நாளில் குறைத்து நிறுத்துவது. குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி. இந்த வரிசை மாறினால் மூளைக்குச் சேதம். காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்தால் சிறை மருத்துவமனையில் வைத்துப் பார்க்காமல் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும்.

மருந்து கொடுக்கும் வரிசையைக் கிட்டே நின்று பாருங்கள். மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர், ‘வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க, கன்னத்தை இழுங்க.’ அதன்பின் இரண்டு வார்த்தை பேசவைக்க வேண்டும். பேசினால் ஒளித்தது தெரிந்துவிடும். இவ்வளவும் செய்தால் ஒரு ஆளுக்கு அரை நிமிடம், நூறு பேருக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரம் யாரிடமும் இல்லாததால் நாக்கைத் தூக்குவது முதலில் விடுபடும். அங்கிருந்து வியாபாரம் ஆரம்பிக்கிறது. மனச்சிதைவு மருந்தால் வரும் விறைப்புக்குத் தரப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில், தூக்க மருந்துகள், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் எல்லாம் உள்ளே பீடிக்கும் பிஸ்கட்டுக்கும் கைமாறும். விற்பவர் எப்போதும் அயோக்கியர் இல்லை, பிளாக்கில் பலசாலி ஒருவர் கேட்டிருப்பார், கொடுக்காவிட்டால் அடி. மருந்தை வெட்டுவது இதற்கு விடையாகாது. டிரைஹெக்ஸிஃபெனிடில் தேவைப்படாத மருந்துக்கு மாற்றலாம், அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் நீடித்த ஊசிக்குப் போகலாம். ஊசியை யாரும் பிடுங்க முடியாது.

ஊசியின் இன்னொரு லாபம் வாய்தா நாளில் தெரியும். காலை மருந்து வருவதற்குள் எஸ்கார்ட் வேன் கிளம்பிவிடும். திரும்புவதற்குள் மாலை மருந்து முடிந்திருக்கும். வலிப்பு மாத்திரை இரண்டு வேளை தவறியவருக்கு மறுநாள் வலிப்பு வந்தால் ஆச்சரியமில்லை. முந்தின நாள் மாலையே வாய்தா பட்டியலை வாங்கி, அதில் மருந்து சாப்பிடுகிறவர்களைக் குறித்து, பாரா அதிகாரியிடம் ஒரு கவரில் காலை டோஸைக் கொடுத்துவைப்பது பத்து நிமிட வேலை. செய்கிற சிறையில் நடக்கிறது. பொறுப்பானவர் லீவில் போனால் நின்றுபோகிறது.

இருமுனை மனநோய்க்கு (பைபோலார்) தரும் லித்தியத்துக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். மே மாத வெயில், அடைத்த பேரக், அளந்து வரும் தண்ணீர். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறும். மெல்லிய கை நடுக்கம் பெரிய நடுக்கமாகி, வாந்தி, பேதி, நடை தள்ளாட்டம் என்று போகும். லித்தியம் சாப்பிடுகிறவர் உண்ணாவிரதம் இருக்கிறார் என்று தெரிந்த நிமிடமே மருந்தை நிறுத்தி ரத்தம் பார்க்க வேண்டும். ரத்தம் எடுப்பது கடைசி டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்து. காலை மாத்திரை கொடுத்தபின் எடுத்தால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது ‘நடிக்கிறான் சார்.’ சிறையில் அதிகம் காதில் விழும் நோயறிதல் இதுதான். நடிப்பவர்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் நடிப்பவர் பெரும்பாலும் தன் நோயைத் தானே சத்தமாகச் சொல்வார், நோயுள்ளவர் மறைப்பார். பக்கத்தில் வார்டர் நிற்க, ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால் இரண்டு பேருமே ‘நல்லா இருக்கேன் சார்’ என்பார்கள். வார்டர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். பிறகு அதே பேரக்கில் படுப்பவர்களிடம் கேளுங்கள்: ராத்திரி மூன்று மணிக்கு அந்த ஆள் என்ன செய்கிறார்? மூன்று மணிக்கு நடிக்க ஆளில்லை. பிளேடால் கையைக் கீறிக்கொள்பவரை ‘மிரட்டுகிறார்’ என்று ஒதுக்குவதும் தப்பு. மிரட்டலுக்குக் கீறியவர்களும் செத்திருக்கிறார்கள்.

தற்கொலை எண்ணத்துக்கு ஆபத்தான நாள்கள் ஓரளவு முன்கூட்டியே தெரிபவை. முதல் இரவு, முதல் வாரம், ஜாமீன் தள்ளுபடியான நாள், தீர்ப்பு நாள், வீட்டிலிருந்து விவாகரத்து நோட்டீஸ் வந்த நாள். மனு (உறவினர் சந்திப்பு) பதிவேட்டைப் புரட்டினாலே ஒரு மாதமாக யாருமே பார்க்க வராதவர் யார் என்று தெரியும். எந்தக் கேள்வித்தாளும் இவ்வளவு மலிவாக அதைச் சொல்லாது. சந்தேகம் வந்தால் வழக்கமாகச் செய்வது தனிச் செல்லில் வைப்பது. அதைவிடக் கெடுதல் வேறில்லை. நான்கு பேர் படுக்கும் அறையில், பயிற்சி பெற்ற தண்டனைக் கைதி ஒருவரோடு படுக்க வைக்க வேண்டும். முயன்று பிழைத்தவரை ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்பக்கூடாது. கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு.

அதே சட்டத்தின் 103ஆம் பிரிவு, மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மருத்துவப் பகுதியில் மனநலப் பிரிவு வேண்டும் என்கிறது. நல்லது. கூடவே, சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘இச்சிறையில் மனநோயாளிகள் இல்லை’ என்று சான்றளித்து அறிக்கை அனுப்ப வேண்டுமாம். விடையை எழுதிவைத்துவிட்டுக் கேள்வி கேட்டால் ‘இல்லை’ என்றுதான் நிரப்புவார்கள்.

கோர்ட்டுக்குப் போகும் அறிக்கையில் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். குற்றம் நடந்தபோது மனநிலை எப்படி என்பது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு. இப்போது விசாரணையை எதிர்கொள்ள முடியுமா என்பது குற்ற விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368ஆம் பிரிவுகள். ‘மனச்சிதைவு உள்ளது, சிகிச்சையில் இருக்கிறார்’ என்று மட்டும் எழுதினால் நீதிபதிக்குப் பயன் இல்லை. குற்றச்சாட்டு புரிகிறதா, வக்கீல் எதற்கு என்று தெரிகிறதா, அவரிடம் நடந்ததைச் சொல்ல முடியுமா என்ற மூன்றுக்கும் விடை வேண்டும். நலமாகிவிட்டார் என்ற கடிதத்தை அனுப்பினால் போதாது, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அஸ்ஸாமின் மச்சாங் லாலுங் 1951இல் கைதாகி, மனநல மருத்துவமனைக்குப் போய், 1967இல் தேறிவிட்டார் என்று சான்று பெற்றும், விசாரணையே இல்லாமல் 2005இல்தான் வெளியே வந்தார். 54 ஆண்டுகள்.

கடைசி வாசலில் அவகாசமே கிடையாது. ஜாமீன் உத்தரவு மாலையில் வரும், இரவுக்குள் ஆள் வெளியே. மருந்தகம் மூடியிருக்கும், சீட்டு சிறை மருத்துவமனை ஃபைலில் இருக்கும். ஹெராயின் பழக்கம் இருந்தவர் என்றால் இன்னும் மோசம். உள்ளே இருந்த மாதங்களில் உடம்பு பழக்கத்தை இழந்திருக்கும், பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். முதல் இரண்டு வாரம் அப்படிச் சாவு நடக்கும் காலம். இதை அவரிடம் சொல்ல வேண்டிய நாள் அவர் உள்ளே வந்த வாரம், விடுதலையாகும் ராத்திரி அல்ல. அவரது துணி, பர்ஸ், செல்போன் கட்டிவைத்திருக்கும் பொட்டலத்திலேயே ஒரு தாளும் வைத்துவிடலாம். நோயின் பெயர், மருந்து, அளவு, கடைசி ஊசி போட்ட தேதி, அவருடைய ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையின் பெயர், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. டோஸ் மாறும்போதெல்லாம் அந்தத் தாளும் மாற வேண்டும். ‘அடுத்த ஊசி’ என்ற கட்டத்தை மட்டும் பென்சிலில் எழுதுவது வசதி.